பலகை மாறினும் படகு அதுவோ?

உடைந்த படகொன்றைச் செப்பனிடுபவன் பழைய படகைக் காக்கின்றானா, அன்றிப் பழைய பெயரில் புதிய படகொன்றைச் செய்கின்றானா? வகுப்பறையில் எழுப்பப்படுங்கால் இவ்வினா சொல் விளையாட்டுப் போலத் தோன்றலாம். மாத்தளன், முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய் எனத் தெற்கு நோக்கி நீளும் வன்னியின் கீழ்க்கரையிலோ இது நாள்தோறும் கைகளால் விடை கூறப்படும் வினாவாகும். மணலில் ஏற்றிவைக்கப்பட்ட வள்ளத்தின் உளுத்த பலகையைக் கழற்றி, அவ்விடத்தில் வேறொன்றைப் பொருத்துபவன், எது மாறலாம், எது மாறலாகாது என்பதைத் துணிந்த பின்னரே உளியை எடுக்கின்றான். அத்துணிவில் பொருளின் இயல்பு பற்றிய ஒரு கொள்கையும் உடைமை பற்றிய ஓர் அறமும் அடங்கியுள்ளன. அவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா தொன்மையானது. தீசியஸ் என்னும் வீரன் கிரேத்தாத் தீவிலிருந்து மீண்டுவந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் நெடுங்காலம் பேணினர் என்றும், உளுத்த பலகைகளை அகற்றிப் புதியனவற்றை அவர்கள் பொருத்தி வந்தமையால் அஃது அதே கப்பல்தானா எனத் தத்துவவாதிகள் இரு சாராராய் நின்று வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதிச் சென்றார். 1655ஆம் ஆண்டு வெளியான தமது நூலொன்றில் ஆங்கிலத் தத்துவஞானியாகிய தோமஸ் ஹொப்ஸ் இப்புதிரை மேலும் கடினமாக்கினார். கழற்றப்பட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அவற்றைக் கொண்டே முன்னைய ஒழுங்கில் இன்னொரு கப்பலைக் கட்டுவானாயின், இரண்டனுள் எது தீசியஸின் கப்பல்? மூலப்பொருளே அடையாளம் எனின் இரண்டாவது. இடையறாது தொடரும் வடிவே அடையாளம் எனின் முதலாவது. கீழைத்தேயத்தில் இதனையொத்த வினாவைத் தேரை முன்வைத்து மிலிந்த மன்னனுடன் ஆராய்ந்தார் நாகசேன தேரர். அச்சும் சில்லும் நுகமும் தனித்தனியே தேராகா. அவற்றின் சேர்க்கைக்கு உலகம் இட்ட வழக்குப் பெயரே தேர் என்பது அவர்தம் முடிபு.

சைவ சித்தாந்தம் காரியம் ஒன்றிற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்று காரணங்களைக் கூறும். குடத்துக்கு மண் முதல், தண்டும் சக்கரமும் துணை, குயவன் நிமித்தம். இவ்வாறே படகுக்கு மரம் முதலாகவும், வாளும் உளியும் துணையாகவும், தச்சன் நிமித்தமாகவும் அமைவர். ஆயினும் குடத்துக்கும் படகுக்கும் இடையே ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. குடத்தை வனைந்து சுட்ட பின்னர்க் குயவன் விலகிவிடலாம். படகை விட்டுத் தச்சன் விலகுதல் இயலாது. உப்பும் வெயிலும் கப்பற்புழுவும் ஓய்வதில்லை. எனவே படகைச் செய்து முடித்தாயிற்று என்று கூறத்தக்க நாள் ஒன்று வருவதேயில்லை. அரிஸ்டோட்டில் இவற்றோடு நோக்கத்தையும் ஒரு காரணமாக எண்ணினார். படகின் நோக்கம் மீன் கொணர்தல் எனப் பொதுவாகக் கூறப்படும். கரையில் காத்திருக்கும் குடும்பத்துக்கோ, சென்றவனைத் திருப்பிக் கொணர்தலே அதன் முதல் நோக்கமாகும்.

மரப்படகைச் செப்பனிடும் முறையை உற்று நோக்கின் ஹொப்ஸின் புதிருக்கு ஒருவகை விடை கிடைக்கின்றது. படகின் முதுகெலும்பாக அடியில் ஓடுவது ஏரா. அதிலிருந்து விலா எலும்புகள் போல் எழுவன வங்குகள். அவற்றின்மேல் அணியம் முதல் பின்புறம் வரை பலகைகள் பொருத்தப்படுகின்றன. பலகைகளின் இடைவெளிகளை நாரும் பஞ்சும் திணித்து அடைப்பது கலப்பற்று எனப்படும். குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுதலும், சுறா எண்ணெய் தடவுதலும் பழைய வழக்கங்கள். பழுது பார்க்கும் தச்சன் எல்லாப் பலகைகளையும் ஒருங்கே கழற்றுவதில்லை; அவ்வாறு செய்யின் படகு தன் வளைவை இழந்துவிடும். ஒன்றைக் கழற்றி, அதனையே அளவாகக் கொண்டு புதிய பலகையைச் சீவிப் பொருத்திய பின்னரே அடுத்ததைத் தொடுகின்றான். நீங்கும் பலகை தன் இடத்துக்கு வரும் பலகைக்கு வடிவைக் கற்பித்துவிட்டு நீங்குகின்றது. குவித்துவைக்கப்பட்ட பழைய பலகைகளுக்கு இத்தொடர்ச்சி இல்லை. மூத்தோரிடமிருந்து இளையோர் மொழியைக் கற்பது போலப் பழைய பலகையிடமிருந்து புதிய பலகை வளைவைக் கற்கும்வரை, படகு அதே படகுதான் எனக் கூறுதல் பொருந்தும்.

பெயரும் உடைமையும் மாறும்போது யாது கூறுவது? வன்னிக்கு வடக்கே வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்த அக்கப்பல் 1938ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பத்திரத்தின்படி உரிமையாளர் வேறு, பெயரும் வேறு. எனினும் அதனை வல்வெட்டித்துறை மக்கள் இன்றும் தமது அன்னபூரணி என்றே நினைவுகூர்கின்றனர். விலை கொடுத்துப் பெறும் உரிமையின் வேறாக, ஆக்கியவர்க்கும் செலுத்தியவர்க்கும் அழியாது எஞ்சும் ஓர் உரிமை உண்டு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

மரத்துக்குப் பொருந்தும் இவ்விளக்கம் கண்ணாடியிழைப் படகுக்குப் பொருந்துமா என்பதே அடுத்துவரும் சிக்கல். 1940களில் அமெரிக்காவிலே தோன்றிய இத்தொழில்நுட்பம் பின்னைய தசாப்தங்களில் இலங்கைக் கரைகளையும் அடைந்தது. நோர்வே நாட்டின் உதவியோடு காரைநகரில் அமைந்த சீநோர் நிறுவனம் வடக்கின் கடற்றொழிலாளருக்கு இத்தகைய படகுகளைக் கட்டிக் கொடுத்தது. சுமார் 18 அடி நீளமும் வெளியிணைப்பு இயந்திரமும் கொண்ட கண்ணாடியிழைப் படகே இன்று முல்லைத்தீவுக் கரையில் பெரிதும் காணப்படுவது. அதற்குக் கழற்றத்தக்க பலகை இல்லை. அச்சு ஒன்றினுள் இழைப்பாயை விரித்து, ரெசினை ஊற்றி, அடுக்கடுக்காக இறுகச் செய்து, ஒரே உடலாக அது வெளியே எடுக்கப்படுகின்றது. அதே அச்சிலிருந்து நூறு படகுகள் பிறக்கலாம். தீசியஸின் கப்பலில் பொருள் மாறியது, வடிவு நின்றது. இங்கோ பொருள் பெரும்பாலும் மாறாது நிற்க, வடிவு நூறு படகுகளுக்கும் பொதுவாகிவிட்டது. ஆகவே வடிவைக் காட்டி 'இது என் படகு' என ஒருவன் கூறுதல் இயலாது. கடற்றொழில் திணைக்களம் வழங்கிய பதிவு இலக்கமும், கல்லில் மோதி வெடித்த இடத்தில் இட்ட ஒட்டும், வலை உராய்ந்த தழும்புமே அதனை ஏனையவற்றினின்றும் பிரித்துக் காட்டுகின்றன. மரப்படகு தச்சன் கையிலே தனித்தன்மையோடு பிறக்கின்றது. கண்ணாடியிழைப் படகு தொழில் செய்பவன் கையிலே தனித்தன்மையை ஈட்டிக்கொள்கின்றது.

இவ்வேறுபாட்டின் முழுப் பொருளையும் இரு பேரழிவுகள் வெளிப்படுத்தின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரையும் அதன் கரையோரக் கிராமங்களையும் அழித்தது. உயிர்களோடு படகுகளும் போயின. உதவி நிறுவனங்கள் இலங்கையின் கரைகளெங்கும் கண்ணாடியிழைப் படகுகளை வழங்கின. அவ்வுதவி இன்றியமையாதது. ஆயினும் விரைந்து கட்டப்பட்ட படகுகள் சிலவற்றின் தரம் குறித்து ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் கவலை தெரிவிக்க நேர்ந்தது. இழந்த படகு ஒன்று, கொடுத்த படகு ஒன்று, ஆகவே கணக்குத் தீர்ந்தது என எண்ணுதல் எண்கணிதத்துக்குப் பொருந்தும். இழந்தவனுக்கோ அப்படகு எந்த அலையில் எவ்வாறு சாயும் என்னும் பல்லாண்டு அறிவும் அதனோடு சென்றுவிட்டது. புதிய படகை அவன் பெற்றான். அதனைத் தன் படகாக்கும் வேலை அன்றுதான் தொடங்கிற்று.

2009ஆம் ஆண்டு போரின் இறுதிக் கட்டத்தில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் மக்கள் அடைபட்டனர். பெப்ரவரி முதல் மே வரை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் காயமுற்றோரும் அவர்தம் உறவினருமாகப் 13,000க்கும் மேற்பட்டோர் கடல்வழியே வெளியேற்றப்பட்டனர். கப்பல் கரையை அணுக இயலாமையால், புதுமாத்தளன் கரையிலிருந்து அவர்களைக் கப்பல்வரை கொண்டு சேர்த்தவை மீனவரின் சிறு படகுகளே. அச்சில் வார்த்த நூறு படகுகளுள் ஒன்றாய் இருந்தது, அக்கணத்தில் ஈடிணையற்ற ஒரே படகாயிற்று. மீளக்குடியமர்ந்தோருட் பலருக்கு அப்படகுகளும் எஞ்சவில்லை. துளைபட்டும் எரிந்தும் கிடந்த ஓருடலை ஒருவன் கண்டெடுத்துச் செப்பனிட முற்பட்டானாயின், அவன் பணத்தை மிச்சப்படுத்தினான் என்பதோடு அச்செயலின் விளக்கம் முடிந்துவிடாது.

இங்கு உடைமை பற்றிய வினா முன்னிற்கின்றது. இயற்கைப் பொருளோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகின்றது என்றார் ஜோன் லொக். இக்கருத்து ஒரு தொடக்கத்தை விளக்குகின்றதேயன்றித் தொடர்ச்சியை விளக்கவில்லை. கரையோரத்துப் பங்கு முறை இவ்விடத்தில் லொக்கினும் நுட்பமானது. பிடிபட்ட மீனின் வருவாயில் உழைத்தோருக்கு உள்ளது போல வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு உண்டு. வள்ளத்தின் பங்கை அதன் உரிமையாளனாகிய சம்மாட்டி பெறுகின்றான். வள்ளம் உண்பதில்லை, உடுப்பதில்லை. அதன் பெயரால் பெறப்படும் பங்கு, தேய்ந்ததைப் புதுக்கவும் வெடித்ததை ஒட்டவும் வேண்டிய கடமையையும் உடன்கொண்டே வருகின்றது. பங்கைப் பெற்றுக்கொண்டு படகைப் பேணாது விடுபவன், தன் உடைமையை வீணாக்குகின்றான் என்பதோடு அமையாது, அதில் ஏறும் பிறரின் உயிரை அவர் அறியாமலே அடகு வைக்கின்றான். உடைமை என்பது பேணும் கடமைக்கு உலகம் இட்ட மறுபெயர் எனலாம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். மேனாடுகளில் பழைய மரப்படகுகளையும் தொடக்ககாலக் கண்ணாடியிழைப் படகுகளையும் பெரும் பொருள் செலவிட்டுப் புதுக்குவோர் உளர்; அது வசதி படைத்தோரின் ஓய்வு நேர விருப்பம்; அன்றாடக் கூலிக்குக் கடலேறுபவனுக்குப் பழமையின்மீது பற்று வைத்தல் கட்டுப்படியாகுமா என்பதே அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. பழைய பலகைமீது கொண்ட பற்றினால் பாதுகாப்பற்ற படகைக் கடலுக்கு அனுப்புதல் அறமாகாது. கண்ணாடியிழைப் படகில் இவ்வபாயம் பெரிது. உட்சென்ற நீரினால் அடுக்குகள் பிரிந்திருக்க, மேலே வர்ணம் பளபளக்கலாம். நேர்மையான முறை, உறுதியான அடுக்கு தென்படும்வரை பழுதைத் தேய்த்து அகற்றி, ஈரம் முற்றிலும் உலர்ந்த பின்னர், சுற்றியுள்ள நல்ல பகுதிமீதும் படியுமாறு புதிய இழைப்பாயை இடுவதாகும். ஈரத்தின்மீது ரெசினைப் பூசி வர்ணத்தால் மறைப்பவன் கூறும் பொய் காதுக்குக் கேட்பதில்லை. கரையிலிருந்து நெடுந்தூரத்தில், காற்று எழும் வேளையில் அது வெளிப்படும். ஆகவே செப்பனிடுதலின் முதல் அறம் பழமைப் பற்றன்று, வாய்மையே. செப்பனிட இயலாததை இயலாது என்று கூறுதலும் அவ்வாய்மையின் பாற்படும்.

அழகிய மரப்படகே புதுக்கத் தக்கது, மலிவான கண்ணாடியிழை எறியத் தக்கது என்னும் பொதுக் கருத்தும் மறுபரிசீலனைக்கு உரியது. மரத்துக்குச் சாகத் தெரியும். கைவிடப்பட்ட வள்ளம் விறகாகும், அன்றி உளுத்து மண்ணாகும். கண்ணாடியிழைக்கு அவ்வரம் இல்லை. பயன் முடிந்த பின்னரும் அதன் உடல் கரையிலே கிடக்கும். நொறுங்கினும் மண்ணோடு கலவாது. அழியாப் பொருளை ஆக்கியவனுக்கும் வாங்கியவனுக்கும் கடமை அதிகம். அதனைப் பயன்படும் நிலையில் நெடுங்காலம் வைத்திருத்தல் சிக்கனத்தோடு, பின்வரும் தலைமுறையின் கரைக்குச் செய்யும் நீதியுமாகும்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலின்போது முல்லைத்தீவுக் கடலில் எடுக்கப்படும் நீரிலே விளக்கேற்றுவது மரபு. நீர் ஒவ்வோராண்டும் புதியது; திரியும் புதியது. அதே விளக்கு என்றே அடியார் வணங்குகின்றனர். ஏற்றுவோர் ஏற்றத் தவறாத வரை அது பொய்யன்று. படகின் அடையாளமும் இத்தகையதே. பலகையிலோ அச்சிலோ அதனைத் தேடிக் காணுதல் இயலாது. ஒருவர் பின் ஒருவராகப் பேணுவோர் தம்முள் காக்கும் வாக்குறுதியிலே அது தங்கியுள்ளது. ஏதென்ஸ் மக்கள் பலகையை மாற்றிய காலமெல்லாம் தீசியஸின் கப்பல் இருந்தது. மாற்றுவோர் ஓய்ந்த நாளில் அது மறைந்தது. பலகை மாறினும் படகு அதுவோ என வினவுவோர்க்கு, அதனை அதுவாக வைத்திருக்கும் பொறுப்பை ஏற்பவர் யார் என்னும் வினாவே விடையாகும்.