என் உயிர், என் இஷ்டம்

ரயில்வே கேட்டை மூடிவிட்டால், தம் கௌரவத்துக்கே பங்கம் வந்ததுபோல் சிலருக்குக் கோபம் வருகிறது. கட்டையின் அடியில் குனிந்து நுழைகிறவரைத் தடுத்தால், "என் உயிர், என் இஷ்டம்" என்கிறார். இந்த நியாயம்தான் எனக்குப் புரியவில்லை.

ரயிலால் ஒதுங்க முடியாது. சட்டென்று நிற்கவும் முடியாது. ஆகவேதான் 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், ஆளில்லாத கேட்டில் வண்டியை நிறுத்தி, ஒருவர் இறங்கி நடந்துபோய்ப் பார்க்கச் சொல்கிறது; வேறு ஆள் இல்லையென்றால் டிரைவரே இறங்கவேண்டும். 2018இல் உத்தரப் பிரதேசத்துக் குஷிநகர் அருகே அப்படியொரு கேட்டில் பள்ளிக்கூட வேன்மீது ரயில் மோதி 13 குழந்தைகள் மாண்டார்கள். அந்தக் குழந்தைகளின் இஷ்டத்தை யார் கேட்டார்கள்?

2019 ஜனவரியோடு அகலப் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகளை ஒழித்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் கேட்டுக்குக் காவல் போட்டதுபோல் நம் அவசரத்துக்கு யார் காவல் போடுவது? அது நம்மிடமே இருக்கவேண்டிய காவல் அல்லவா?