எழுதப்படாத நாவல்கள் யாருக்குச் சொந்தம்?

எழுதத் தெரிந்தவர் என்று பெயரெடுத்த எவரிடமும் ஒரு கொப்பி இருக்கும். என்றோ ஒருநாள் எழுதுவதற்கெனக் குறித்துவைத்த நாவற் கருக்கள் அதிலே உறங்கிக் கிடக்கும். ஆசிரியத் தொழிலில் உள்ளோரிடம் இக்கொப்பி சற்றுத் தடித்ததாகவே இருப்பது வழக்கம். பாடக்குறிப்பும் விடைத்தாளும் பகற்பொழுதை விழுங்கிவிட, நாவல் ஓய்வூதிய காலத்துக்கென ஒதுக்கப்படுகிறது. இப்பழக்கத்தை இலக்கிய நண்பர்கள் வேடிக்கையாகவே பேசுவர். ஆயினும் அதனுள்ளே ஓர் அறப்பிரச்சினை மறைந்திருக்கிறது. மற்றவர் வாழ்விலிருந்து எடுத்த ஒரு கதையைத் தம் கொப்பியில் எவ்வளவு காலம் பூட்டிவைக்க ஒருவருக்கு உரிமை உண்டு?

பொதுப்படப் பேசுவதை விட எமது தீவுகளை முன்வைத்துப் பேசுவது நன்று. யாழ்ப்பாணத்தின் மேற்கே கிடக்கும் இத்தீவுகளில் நாவலுக்குரிய பொருள் என்றும் குறைந்ததில்லை. தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் மழைநீர் ஒரு மெல்லிய படையாகத் தேங்கி நிற்கிறது. அதன் கீழே உவர்நீர். கோடையில் வாளி சற்று ஆழம் போனால் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர்க் கிணறு ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். அந்தக் கிணற்றை யார் அள்ளலாம், யார் தள்ளி நின்று பிறர் ஊற்றும்வரை காத்திருக்கவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. குடத்துடன் காத்து நின்ற ஒரு பெண்ணின் ஒருநாட் பொழுதை உள்ளவாறு எழுதினாலே இச்சமுதாயத்தின் சொத்துறவுகள் அனைத்தும் அதில் வந்துவிடும்.

இன்னொரு கரு கடைகளைப் பற்றியது. புங்குடுதீவார் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்து வாழ்ந்தனர். முதலாளி ஊருக்கு வருவது திருவிழாவுக்கு மட்டும். கடையிலே கணக்கெழுதும் பையனும் அதே ஊரான், பெரும்பாலும் ஏழை உறவினன். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அக்கடைகள் எரிந்தன. முதலாளியின் நட்டத்தை எல்லாரும் பேசினார்கள். கணக்கெழுதிய பையனின் சம்பள பாக்கி எங்கே போயிற்று என்று கேட்டார் இலர். எமது கணிப்பில் நாவல் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது கருவைச் சொல்லவே மனம் கூசுகிறது. 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பயணிகளிற் பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். வந்தவர்கள் கடற்படையினரே எனத் தப்பியோர் சாட்சி கூறினர். அன்று இருபது வயதாயிருந்தவருக்கு இன்று அறுபது கடந்துவிட்டது.

இத்தீவுகளைப் பற்றி எழுதினோர் இல்லாமலில்லை. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கரைக்குப் பருவந்தோறும் வந்து வாடி போடும் மீனவரைப் பொருளாய்க் கொண்டு 1973 இல் வெளிவந்தது. அல்லைப்பிட்டியிற் பிறந்த ஷோபாசக்தி 'கொரில்லா'வை 2001 இல் எழுதினார். அதற்குள் அவர் பிரான்சில் அகதியாய் இருந்தார். ஆளொழிந்த ஊரின் வெறுமையைப் புங்குடுதீவின் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' என்ற கவிதைத் தொகுதியிற் பதித்தார். இவ்வளவும் பெருமைக்குரியனவே. ஆயினும் கொப்பிகளில் உறங்குவன இவற்றினும் பன்மடங்கு.

தாமதத்துக்குச் சார்பான வாதத்தை எமது நண்பரொருவர் வலுவாகவே எடுத்துரைப்பதுண்டு. நெப்போலியன் ருசியாவுக்குட் புகுந்தது 1812 இல். தோல்ஸ்தோய் அதுபற்றிய தம் பெருநாவலை வெளியிட்டது 1860களின் பிற்பகுதியில். அரை நூற்றாண்டு கழிந்தபின்னரே காட்சி தெளிவுபட்டது. அனுபவம் உறையாமல் எழுதினால் அது பத்திரிகைச் செய்தியாகிவிடும் என்பது நண்பரின் கட்சி. அதில் உண்மை உண்டு. நேற்றைய துயரை இன்று காலை கதையாக்கி, நாளை மறக்கப்படும் எழுத்துகளை நாம் நிறையவே படித்திருக்கிறோம்.

ஆனால் நண்பர் ஒன்றைக் காணத் தவறுகிறார். தோல்ஸ்தோய் காத்திருக்க முடிந்தது. அவருக்காகக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் நினைவுக் குறிப்புகளும் வரலாற்று நூல்களும் பிரபுக்கள் வீட்டு அலுமாரிகளிற் காத்திருந்தன. எமக்கு எந்த அலுமாரி இருக்கிறது? 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1990-91 காலத்து இராணுவ நடவடிக்கைகளில் வேலணையிலும் புங்குடுதீவிலும் மக்கள் உடுத்த துணியோடு குடாநாட்டுக்கு ஓடினர். உறுதிகளும் படங்களும் கடைக் கணக்குகளும் கடிதங்களும் கூரையற்ற வீடுகளில் மழைக்கும் கறையானுக்கும் இரையாயின. அவ்வீடுகளின் பிள்ளைகள் இப்போது கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கிறார்கள். ஏழைகளின் வாழ்வோ முன்னரும் ஏட்டில் ஏறியதில்லை. கிணற்றடியிற் காத்து நின்றவள் நாட்குறிப்பு எழுதவில்லை. அவளுடைய ஞாபகம் ஒன்றே ஆவணம். அவள் இறந்தால் ஆவணம் முடிந்தது. ஏடுள்ள சமூகத்தின் எழுத்தாளனுக்குக் காலம் உதவி செய்கிறது. ஏடற்றோரைப் பற்றி எழுதப் புறப்பட்டவனுக்கு அதே காலம் பகை.

இவ்விடத்தில் மு. தளையசிங்கத்தை நினையாதிருக்க முடியாது. புங்குடுதீவைச் சேர்ந்தவர், ஆசிரியர். முற்போக்காளரைக் கடுமையாக விமர்சித்தவர். எம்மவரும் அவருக்குக் கடுமையாகவே பதில் கூறினர். அவருடைய மெய்முதல்வாதத்தை ஏற்க இன்றும் எம்மால் இயலாது. ஆனால் அவருடைய கொப்பி வெறுமனே உறங்கியதன்று. சிறுகதை, நாவல், விமர்சனம் என எழுதிக்கொண்டே இருந்தவர், நாவலைக் கடந்த ஒரு புதிய உருவத்தையும் கனவு கண்டார். அவ்வேளையில் 1971 இல், தாழ்த்தப்பட்டோருக்கு மறுக்கப்பட்ட நன்னீர்க் கிணற்றைத் திறந்துவிடக் கோரித் தம் ஊரிலேயே சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். பொலிசாரால் தாக்கப்பட்டார், சிறைவைக்கப்பட்டார். அதன்பின் உடல்நலம் குன்றி, 1973 இல் தமது 38 ஆவது வயதிற் காலமானார். 'மெய்யுள்' அவர் மறைந்தபின் 1974 இலேயே நூலாயிற்று. 'ஒரு தனி வீடு' என்ற நாவல் நூலுருப் பெற மேலும் பல ஆண்டுகள் சென்றன.

அவர் கிணற்றடிக்குப் போகாமல் வீட்டிலிருந்து எழுதியிருந்தால் தமிழுக்கு இன்னும் இரண்டு நாவல்கள் கிடைத்திருக்கும் என்று வருந்துவோர் உளர். எமக்கு அவ்வருத்தம் இல்லை. தண்ணீருக்காகப் பேனையைக் கீழே வைத்தவரிடம் நாவலுக்குக் கணக்குக் கேட்பது நியாயமாகாது. அதேவேளை, எழுத்தும் போராட்டமும் ஒன்றையொன்று விழுங்கியே தீரவேண்டும் என்ற விதியும் இல்லை. பட்டறைத் தொழிலாளியாய் வாழ்ந்து, தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தின் நடுவிலேயே நின்ற கே. டானியல் 1972 இல் 'பஞ்சமர்' நாவலைத் தந்தார். செம்மை போதாது என்று அந்நாவலைக் குறை கூறிய பண்டிதர் சிலர். அவர் செம்மைக்காகக் காத்திருந்தால் அம்மக்களின் பேச்சு யார் கொப்பியில் இருந்திருக்கும்?

ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். எழுதாதிருப்போர் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது கொடுமை. அமெரிக்கப் பெண் எழுத்தாளர் தில்லி ஓல்சன், கூலிவேலையும் பிள்ளை வளர்ப்பும் தின்றுவிட்ட எழுத்துகளைப் பற்றியே 1978 இல் ஒரு நூல் எழுதினார். 1930களில் அவர் தொடங்கிய நாவல் முற்றுப்பெறாமலே 1974 இல் அச்சேறியது. நெடுந்தீவுப் பள்ளியொன்றில் ஐந்தாறு வகுப்புகளை ஒருங்கே நடத்தி, மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் ஆசிரியை ஒருவரிடம் உமது நாவல் எங்கே என்று கேட்பதற்கு யாருக்கும் வாய் வராது. அவருடைய மௌனத்துக்குச் சமுதாயம் பொறுப்பு. ஓய்வும் மேசையும் நல்ல வெளிச்சமும் வாய்த்திருந்தும், கருவை வேறொருவர் எடுத்துவிடுவாரோ என்றஞ்சிப் பூட்டிவைப்போரைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

அந்த அச்சம் வியாபாரியின் அச்சம். கருவை முதலாகவும் நாவலை இலாபமாகவும் எண்ணும் மனப்பான்மையே அதன் வேர். குமுதினியிற் சென்றோர் தம் சாவை எந்த எழுத்தாளருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கொப்பியில் உள்ளது கடன். கடனைத் தானே தீர்க்க முடியாதவன் தீர்க்கக்கூடியவனிடம் அதை ஒப்படைத்துவிட வேண்டும். கருவைப் பத்திரிகையில் வெளியிடலாம், இளைஞரிடம் கொடுத்துவிடலாம், குறைந்தபட்சம் நாவலென்ற பெயரின்றி முதியோர் வாய்மொழியை அவர்கள் சொன்னபடியே எழுதிவைக்கலாம். கலைப்பெறுமதி குறையுமே என்பார்கள். குறையட்டும், பின்வருபவனுக்கு ஓர் அலுமாரியாவது மிஞ்சும்.

மேற்கூறிய மூன்று கருக்களையும் இவ்வாண்டு உயர்வகுப்பு மாணவர் சிலரிடம் விரித்துக் கூறினோம். தோல்ஸ்தோயின் பெயரைக்கூட அவர்கள் கேட்டதில்லை. நெடுந்தீவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி அடுத்த வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். அதில் வினாக்கள் மட்டுமே இருந்தன: படகு அன்று எத்தனை மணிக்குப் புறப்பட்டது? பால்மணம் மாறாத பிள்ளைகளோடு போனவர்கள் எதற்காகப் போனார்கள்? கடல் எப்படி இருந்தது? யார் யார் என்ன பொதி கொண்டு போனார்கள், அவை பிறகு யாரிடம் சேர்ந்தன? கடைசி வினாவுக்குத் தன் பெரியம்மாவிடம் விடை இருக்கக்கூடும் என்றும், சனிக்கிழமைப் படகிற் போய்க் கேட்டுவரப் போவதாகவும் சொன்னாள்.