மூத்தவள் என்பது ஓர் இடம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1998 முதல் 2006 வரை ஓடிய தொடர் ‘சார்ம்டு’. சான் பிரான்சிஸ்கோவில் பாட்டி விட்டுப்போன பழைய வீட்டில் வாழும் மூன்று சகோதரிகள், தாங்கள் மந்திர சக்தி கொண்ட பரம்பரையில் பிறந்தவர்கள் என்று கண்டுகொள்வதில் கதை தொடங்குகிறது. பூதங்களும் மந்திரப் புத்தகமும் வெறும் மேல்பூச்சு. கதையின் உயிர் அந்த அக்கா தங்கைகளுக்குள் இருந்தது.

மூவருக்கும் வாய்த்த சக்தியைப் பாருங்கள். தாயில்லாத வீட்டில் தங்கைகளைச் சுமந்தே வளர்ந்த மூத்தவள் ப்ரூ, பொருள்களை மனத்தாலேயே நகர்த்துவாள். நாளையைப் பற்றிய கவலையே இல்லாத கடைக்குட்டி ஃபீபிக்கு, வரப்போவது கண்ணில் தெரியும். நடுவில் பிறந்த பைப்பரோ காலத்தை நிறுத்துவாள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒத்துப்போகாத வீட்டில், இருவருக்கும் நல்லவளாக இருந்தே பழகியவள் அவள். ஃபீபி வீடு திரும்பப்போவதைக்கூட ப்ரூவிடம் சொல்லத் தயங்கி மறைத்து வைத்தவள். சண்டை சற்று நின்றால் போதும் என்று ஏங்கும் நடுப்பிள்ளைக்கு வேறு எந்த சக்தி பொருந்தும்?

முதல் எபிசோடிலேயே அதைக் காட்டிவிடுகிறார்கள். சமையல் வேலைக்கான தேர்வு. போர்ட் ஒயின் இன்னும் சேர்க்காத பதார்த்தத்தைத் தலைமைச் சமையல்காரர் முள்கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோய்விடுகிறார். பைப்பர் பதறிக் கையை உயர்த்த, அவர் அப்படியே உறைந்து நிற்கிறார். அவளோ, விட்டுப்போன ஒயினை அந்தக் கரண்டியின் மேலேயே விடுகிறாள். உலகத்தை நிறுத்தும் வல்லமை முதன்முதலாகக் கைக்கு வந்தபோது, ஒரு குறையைச் சரிசெய்யத்தான் அவளுக்குத் தோன்றியது.

2001-இல், மூன்றாவது சீசனின் முடிவில், ப்ரூ இறந்துபோகிறாள். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஷானன் டோஹெர்ட்டி தொடரைவிட்டு விலகியதுதான் காரணம். வேறொரு குழு இதை ஒரு ஒப்பாரிக் காட்சியோடு முடித்திருக்கும். இவர்கள் அந்த வெற்றிடத்தையே கதையாக்கினார்கள்.

ஒரே தாக்குதலில் விழுந்தவர்களில் பைப்பர் மட்டும் பிழைத்தாள். அக்காவை மீட்க மந்திரத்துக்கு மேல் மந்திரமாக ஓதிப் பார்க்கிறாள், எதுவும் பலிக்கவில்லை. செத்துப்போன அம்மாவும் பாட்டியும் ஆவியாக வந்து பேசிவிட்டுப் போகும் வீடு அது. ப்ரூ மட்டும் கடைசிவரை ஒருமுறைகூட வரவில்லை. மாயக்கதை தன் மாயத்தைத் தானே மறுத்த இடம் இது; துக்கத்தை இவ்வளவு நேர்மையாக நடத்திய பொழுதுபோக்குத் தொடர்கள் குறைவு.

அழாமல் பூதவேட்டையில் இறங்கும் பைப்பர், நான்காவது சீசனின் மூன்றாவது எபிசோடில், அடக்கிய கோபத்தால் தானே ஒரு கோர உருவாக மாறிவிடுகிறாள். யார்மேல் கோபம்? எல்லோரும் எதிரியைத் தேடும்போது, அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த பெய்ஜ்தான் விஷயத்தைப் பிடிக்கிறாள். பிறந்தவுடனே தத்துக் கொடுக்கப்பட்ட, இவர்கள் அறிந்திராத ஒரு தாய் வயிற்றுத் தங்கை அவள். வளர்த்த பெற்றோரை விபத்தில் இழந்தவள். பைப்பரை ப்ரூவின் கல்லறை முன் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். என்னை ஏன் விட்டுப்போனாய் என்று அந்தக் கல்லைப் பார்த்துக் கத்துகிறாள், உடைகிறாள், அழுகிறாள். அழுத பிறகே மனுஷியாகிறாள்.

அங்கிருந்துதான் பைப்பர் மூத்தவளாகிறாள். விட்டுக்கொடுத்தே வாழ்ந்தவள் அதட்டுகிறாள், முடிவெடுக்கிறாள், புதிய தங்கையை முதலில் தள்ளி நிறுத்திப் பிறகு தன் சிறகுக்குள் இழுக்கிறாள். நிறுத்த மட்டுமே தெரிந்த அவள் கைகள் இப்போது வெடிக்கச் செய்யவும் செய்யும். அந்தச் சக்தி ப்ரூ இருக்கும்போதே வந்துவிட்டது. அதற்கான ஆள் பின்னால்தான் வந்தாள்.

பிறவிக் குணம் என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! ப்ரூவின் உறுதி அவள் ரத்தத்தில் மட்டும் இருந்திருந்தால் அவளோடு மண்ணுக்குள் போயிருக்கும். அது மூத்தவளின் இடத்தில் இருந்தது. முன்னால் நின்றவர் மறைத்திருந்த பைப்பர், அவர் விலகியபின் வெளியே தெரிந்தாள். இதை வளர்ச்சி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கேட்காத விலை கொடுத்து வாங்கிய வளர்ச்சி அது. தொடர் அந்த விலையை மறைக்கவில்லை என்பதே அதன் பெருமை.

தொடரைப் புதிதாகப் பார்ப்பவர்கள் நான்காவது சீசனின் முதல் மூன்று எபிசோடுகளை ஒரே மூச்சில் பாருங்கள். பூதங்களை விட்டுவிட்டு பைப்பரை மட்டும் கவனியுங்கள்.