நாய்க்கு ஒரு படுக்கை

நாய்க்குப் படுக்கை வாங்க வேண்டும் என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. சிலருக்குக் கோபம் வருகிறது. சிரிக்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நாய் எங்கே வேண்டுமானாலும் சுருண்டுகொள்ளும், அதற்கென்ன தனி ஏற்பாடு என்பது அவர்கள் அபிப்பிராயம். ஒரு கிழட்டு நாய் விடியற்காலையில் எழுந்திருக்கப் படும் பாட்டை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். கோபப்படுகிறவர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதனாலேயே அது மனிதனைச் சுலபத்தில் விடுவதில்லை.

மரக்காணத்தில் இருந்துகொண்டு கேட்டால் அந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். இங்கே என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் உப்பளம் தெரியும். தை பிறந்ததும் பாத்திகளைச் செப்பனிட்டு உப்புநீர் கட்டத் தொடங்குகிறார்கள். வெயிலும் காற்றும் நீரை வற்ற அடிக்க, பாத்திக்குப் பாத்தி காரம் ஏறிக் கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கிறது. அதை வாரிக் கரையேற்ற வேண்டும். மேலே சூரியன், கீழே அதன் ஒளியைத் திருப்பி முகத்தில் அடிக்கிற வெள்ளை உப்பு. கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே வயசுக்கு முந்திய சுருக்கம் விழுந்துவிடுகிறது. பாதம் வெடிக்கிறது, வெடித்த இடத்தில் மறுபடியும் உப்புநீர். ஐப்பசியில் மழை இறங்கிப் பாத்திகள் முழுகிவிட்டால் அளத்தில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இவர்களில் பலர் இரவில் தரையில் பாய் விரித்துத்தான் படுக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் நாய்க்கு மெத்தை தேடுவதா? சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் இதைத்தான் கேட்டார். சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். அவர் வீட்டுக் கட்டிலில் எத்தனை அங்குல மெத்தை என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். வாதத்தில் ஜெயித்திருப்பேன்; கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

இந்த மாதிரி சமயங்களில் தருமபுத்திரனைச் சாட்சிக்கு அழைப்பது நம் வழக்கம். நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்றவனல்லவா அவன்? ஆனால் கடைசியில் அந்த நாய் தருமதேவதையாகவே ஆகிவிடுகிறது. எனக்கு அது ஏமாற்றம். வெறும் நாயாகவே இருந்திருந்தால் கதை இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

இந்தக் கரைக்கே உரிய சாட்சி ஒன்று உண்டு. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்று ஓர் ஊர் வருகிறது. இன்றைய மரக்காணம்தான் அது என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அந்தப் பாட்டில் உப்பு வணிகரின் வண்டியோடு ஒரு பெண்குரங்கு வருகிறது; வீட்டுப் பிள்ளை மாதிரி மற்றப் பிள்ளைகளோடு விளையாடுகிறது. ஒரு நாயும் வருகிறது. பாணனுடைய வறண்ட அடுக்களையில் குட்டி போட்டுக் கிடக்கிற நாய். கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, தாங்கமாட்டாமல் அது குரைக்கிறது. அதே அடுக்களையில் வீட்டுக்காரி குப்பையில் முளைத்த கீரையைக் கொய்துவந்து உப்பில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். புலவர் மனிதப் பசியையும் நாயின் பசியையும் தராசில் வைத்து எது கனம் என்று பார்க்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கிற ஒரே பசியாகவே அதைக் காட்டுகிறார்.

என் நாய்க்குப் பன்னிரண்டு வயசு. சிப்பிப்பாறைக் கலப்பு. அந்த ஜாதிக்குச் சதைப் பிடிப்பு கிடையாது, எலும்பும் தோலும்தான். சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து முன்னங்கால் முட்டிகளில் மயிர் உதிர்ந்து காய்த்துப்போயிருக்கிறது. புதுச்சேரிக் கடை ஒன்றில் இதற்கென்றே மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வட்டமாக, விளிம்பு உயர்ந்து, இளஞ்சிவப்பு வெல்வெட்டு உறை போட்டவை. நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும். சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அந்த இளஞ்சிவப்பு எனக்காகப் போட்டது, நாய்க்காக அல்ல. வட்டம் மட்டும் எதற்கு? குளிரில் நாய் மூக்கை வாலுக்கடியில் செருகிச் சுருண்டுகொள்ளும், வாஸ்தவம். ஆனால் சித்திரை வெயிலில் நாலு காலையும் நீட்டிப் பக்கவாட்டில் கிடக்கும். அதற்கு வியர்வை என்று பார்த்தால் பாதத்தில்தான் கொஞ்சம். மற்றபடி வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். கதகதப்பான வெல்வெட்டுக் குழியில் இறக்கினால் ஒரு நிமிஷம் இருந்துவிட்டு மறுபடி தரைக்கே போகும். நாம் அதை நன்றி கெட்டது என்போம்.

வீட்டிலேயே தைத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். பருத்திப் பஞ்சு இந்தக் காற்றுக்கு ஆகாது. உப்பு ஈரத்தை இழுக்கும். மெத்தை எந்நேரமும் பிசுபிசுக்கும். இலவம்பஞ்சு மேல். அதன் இழையில் மெழுகுபோல ஒரு பூச்சு உண்டு, நீர் சுலபத்தில் ஏறாது. ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்குள் அதைத்தான் அடைத்தார்கள். இலவம்பஞ்சு என்று முடிவாகிவிட்டது.

வீட்டு வேலைக்கு வருகிற அம்மாள் அப்போதுதான் குறுக்கிட்டாள். முப்பது வருஷம் அளத்தில் உப்பு வாரியவள். முழங்கால் ஒத்துழைக்காததால் அந்த வேலையை விட்டவள். பஞ்சை அமுக்கிப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள்.

"இது ஆகாதுங்கய்யா. படுக்கிறதா கஷ்டம்? ஏந்திரிக்கிறதுதான் கஷ்டம். இதுல உள்ளே போயிட்டா கால் ஊன்ற எடம் ஏது?"

படுக்கையைப் பற்றி நான் படித்ததும் விசாரித்ததும் படுப்பதைப் பற்றியே இருந்தன. வலிக்கிற உடம்புக்கு முக்கியமான விஷயம் எழுந்திருப்பது என்பது முழங்கால் வலித்தவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது. நாலு விரல் கனத்துக்குத் தேங்காய் நார், அழுத்தினால் அமுங்கி உடனே நிமிர்வதாக. மேலே பழைய நூல்புடைவை, வாரம் ஒருமுறை உருவித் துவைக்க. வழுக்காமல் இருக்க அடியில் கோணிச் சாக்கு. கடற்காற்று நேரே அடிக்காத மூலை. எல்லாம் அவள் சொன்ன யோசனைதான். 'மனுஷனுக்கே பாய் இல்லை' என்று அவள் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். அப்படிச் சொல்ல உரிமை உள்ளவர்கள் யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை.

அதற்காகக் கேள்வி தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. மயிலுக்குப் போர்வை தந்த பேகனை நமக்குத் தெரியும். சிறுபாணாற்றுப்படை வள்ளல்கள் எழுவரை அடுக்கும்போது முதலில் நிறுத்துவது அவனைத்தான். மயிலுக்குப் போர்வை எதற்கு? அது உடுத்தப்போவதில்லை. பேகன் தன் குளிரை மயிலின் மேல் ஏற்றிப் பார்த்தான். இளஞ்சிவப்பு வெல்வெட்டும் அந்த வம்சம்தான். ஆனால் அவன் கதையில் நாம் அதிகம் பேசாத பாதி ஒன்று உண்டு. மயிலுக்கு இரங்கியவன் தன் மனைவி கண்ணகியைத் தனியே தவிக்க விட்டுவிட்டான். கபிலரும் பரணரும், அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவளுக்காக அவனிடம் போய்ப் பேசினார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ள பாட்டுகள் அந்த வழக்குத்தான்.

அவற்றுள் பரணர் பேசுகிற விதம் எனக்குப் பிடிக்கும். மனைவி அழ, மயிலுக்குப் போர்வையா என்று அவர் இடித்திருக்கலாம். என் நண்பர் அங்கே இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். பரணரோ போர்வையைப் புகழ்ந்து கொண்டே ஆரம்பிக்கிறார். எங்களுக்குப் பசி இல்லை, பொருள் வேண்டாம். இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர், அதுதான் நாங்கள் கேட்கிற பரிசில் என்கிறார். போர்வையை மயிலிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. மயிலின் நடுக்கம் தெரிந்த கண்ணுக்கு வீட்டில் இருப்பவளின் நடுக்கம் எப்படித் தெரியாமல் போகும் என்று அந்தப் போர்வையையே சாட்சியாக வைக்கிறார். நாய்க்கு மெத்தை போட்டவனிடம் கேட்க வேண்டிய முறையும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மெத்தையை எடுத்துவிட்டால் உப்பளத்தில் ஒருவருக்கும் பாய் கிடைக்கப் போவதில்லை. மெத்தை இருக்கும்வரை அந்தக் கேள்வியாவது என் வீட்டில் இருக்கும்.

நார் மெத்தையில் நாய் மூன்று தரம் சுற்றிவிட்டுப் படுத்தது. அன்று சாயங்காலம் அந்த அம்மாளிடம், "உங்களுக்கு ஒரு கயிற்றுக் கட்டில் செய்யச் சொல்லட்டுமா? முழங்கால் உயரத்துக்கு இருந்தால் எழுந்திருக்கச் சௌகரியமாக இருக்குமே" என்று கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இருப்பது ஒரே அறை. கட்டில் நாலு காலையும் ஊன்றி நின்றால் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் படுக்கிற இடம் போய்விடும் என்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னாள்.