பெயரை நீக்கினால் போதுமா?

ஆராய்ச்சிக்கென்று ஒருவரிடம் கேட்டறிந்த அந்தரங்க விவரங்களைப் பிற ஆராய்ச்சியாளருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், "பெயரை நீக்கிவிட்டுக் கொடுத்தால் குற்றமில்லை" என்று படித்தவர்களே சுலபமாகப் பதில் சொல்லிவிடுகின்றனர். இப்பதில் நமக்குச் சரியென்று தோன்றவில்லை.

நமது கெலாங் பாத்தாவையே எடுத்துக்கொள்வோம். இங்குள்ள ஓர் அம்மையார், வயது 52, கணவனை இழந்தவர், பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர், மூத்த மகன் சிங்கப்பூரில் இருப்பவன், தமக்குக் காசநோய் கண்டதை ஓர் ஆராய்ச்சியாளரிடம் நம்பிச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். வெளிவரும் ஏட்டில் அவர் பெயர் இராது. ஆயினும் மற்றவையெல்லாம் இருக்குமாயின், உள்ளூர்க்காரன் எவனும் "இன்னாரல்லவா!" என்று சொல்லிவிடமாட்டானா? அவர் மகளைப் பெண் கேட்டு வருவோர் காதில் அது விழுந்தால், பிறகு அந்த வீட்டு வாசலை மிதிப்பார்களா? பெருநகரத்திலே பெயரை மறைத்தால் ஆள் மறையலாம். சிற்றூரிலோ தொழிலும் வயதுமே பெயராகிவிடுகின்றன.

பெருநகரத்திலும் மறைவதில்லை என்பதற்குச் சான்றுண்டு. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் அரசு ஊழியரின் மருத்துவக் குறிப்புகள் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்கு வழங்கப்பட்டன. 1997-இல் லத்தான்யா ஸ்வீனி என்னும் மாணவி வாக்காளர் பட்டியலொன்றை விலைக்கு வாங்கி, பிறந்த தேதி, பால், தபால் எண் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, கவர்னராயிருந்த வில்லியம் வெல்டின் குறிப்பையே எடுத்துக்காட்டினார். கவர்னருக்கே இக்கதியெனில் கூலிக்காரர் எம்மாத்திரம்?

சிம்பாங் அராங்கில் வாழும் ஓராங் செலேத்தார் போன்ற சிறு கூட்டத்தாருக்கோ தனியாள் பெயரே வேண்டுவதில்லை. கூட்டத்தின் பெயரோடு ஒரு நோயைச் சேர்த்தெழுதினால் அனைவர்மீதும் அவச்சொல் படியும்.

2019 ஜனவரியில் சிங்கப்பூரில் எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் வெளியாயின என்று அறிவிக்கப்பட்டது. அவர்களில் 8,800 பேர் வெளிநாட்டார். அஃது ஆராய்ச்சி ஏடன்று, அரசாங்கப் பதிவேடு. எனினும் இரண்டாம் பாலத்தைக் கடந்து பிழைக்கச் செல்லும் நம்மவர்க்கு அது வேற்றூர்க் கதையன்று.

அப்படியானால் எல்லாவற்றையும் பெட்டியிற் பூட்டிவிடுவதா? அதுவும் தகாது. பூட்டினால் அதே ஏழைகளிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்கவேண்டிவரும். நோயின் காரணமும் வெளிப்படாது. வயதை "50-க்கு மேல்" என்று பொதுப்படச் சொல்லலாம், தொழிலை விட்டுவிடலாம், முழு ஏட்டை, உறுதிமொழி கொடுத்தவருக்கு மட்டும் காட்டலாம். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டமோ வணிகத் தொடர்புகளைப் பற்றியது, அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. ஆகையால் ஆராய்ச்சியாளரின் மனச்சாட்சிக்கே வேலை அதிகம்.

கையொப்பம் வாங்கும் தாளில் "பெயர் வெளிவராது" என்று அச்சிட்டால் மட்டும் போதாது. யார் யார் படிப்பர், வேண்டாமெனில் எப்போது விலகலாம் என்பவற்றையும் தமிழில் எழுதவேண்டும். எழுத்தறியாதவராயின், அண்டை வீட்டார் காதில் விழாதபடி வாசித்துக்காட்டவேண்டும்.