அரணும் ஆற்றலும்

நன்மைக்கும் தீமைக்கும் இடையே ஒன்றைத் தேர்வது அரிதன்று. இரு நன்மைகள் ஒன்றையொன்று மறித்து நிற்கும்போதே மனிதனின் அறவுணர்வு சோதனைக்கு உள்ளாகிறது. அத்தகைய சோதனை 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சுவீடன் நாட்டிற்கு வாய்த்தது.

பால்டிக் கடலில் காற்றாலைகள் அமைக்க வகுக்கப்பட்ட 13 திட்டங்களை அந்நாட்டரசு ஒருசேர மறுத்தது; மேற்குக் கடலில் ஒன்றற்கு மட்டும் இசைவளித்தது. சுழலும் காற்றாலை இறக்கைகள் ராடார் அலைகளைத் திருப்பி அனுப்பி, பறந்துவரும் பொருள்களைப் பிரித்தறிய இயலாதவாறு குழப்பும். ஏவுகணையைக் கண்டு செயற்படக் கிடைக்கும் இரண்டு நிமிடம் ஒன்றாகக் குறையக்கூடும் என்பதே பாதுகாப்புத் துறையின் வாதம். அக்கடலின் மறுகரையில், ருசியாவின் படைகள் நிலைகொண்ட கலினின்கிராடு இருக்கிறது.

ஒரு நிமிடந்தானே என்று எள்ளுதல் தகாது. உறங்கும் குழந்தையை எழுப்பித் தூக்கிச் செல்ல அந்த ஒரு நிமிடமே போதுமானதாகலாம்.

எனினும், மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2022இல் ருசியா உக்ரைன்மீது படையெடுத்தபின், அதன் எரிவாயுவை நம்பியிருந்த ஐரோப்பிய நாடுகள் அடைந்த இன்னலை உலகம் கண்டது. எல்லையைத் தாண்டாமலே, குழாயை அடைத்தே ஒரு நாட்டை அச்சுறுத்தலாம் என்பது அன்று புலனாயிற்று. அரணுக்கு உயரமும் திண்மையும் வேண்டும் என்ற வள்ளுவர், உள்ளிருப்போர்க்கு உணவும் நிறைந்திருத்தல் வேண்டும் என்றார். இக்கால நாட்டிற்கு மின்னாற்றலும் அத்தகைய உணவன்றோ? ஆகவே, காற்றாலையை அரணுக்குப் பகையெனக் கொள்ளாமல், அரணின் ஓர் உறுப்பெனக் கொள்ளுதலே பொருந்தும்.

அப்படியாயின், முடிவு யாது? ஏவுகணையால் விளையும் கேடு நொடியில் நேர்வது, மீட்க இயலாதது. ஆதலால், குறித்த ஓரிடத்தில் தடை விதிக்கும் உரிமை காவலர்க்கு உண்டு. ஆனால், தடை விதிப்பதோடு அவர்தம் கடமை முடிந்துவிடுவதில்லை. எஸ்தோனிய அரசு, நிலப்பகுதிக் காற்றாலைகளுக்கு இடந்தரும் பொருட்டுக் கூடுதல் ராடார்களை வாங்க முன்வந்தது. செலவு மிகுதிதான், எனினும், இரு நன்மைகளுள் ஒன்றையும் கைவிடாமல் வழிதேடிய முயற்சி அது.

மாணாக்கரே! 'கூடாது' என்று சொல்லும் அதிகாரம் ஒருநாள் உங்கள் கைக்கும் வரலாம். அன்று இதனை நினைவிற் கொள்ளுங்கள்: ஒரு வழியை அடைப்பவர், மற்றொரு வழியைத் தேடும் பொறுப்பையும் ஏற்றவராகிறார்.