நித்தியமும் ஒரு சிறு அடைமொழியும்

லண்டனில் பஸ்ஸுக்காக அரைமணி நேரம் காத்து நின்றுவிட்ட ஒருவர், தாமதமாக வந்து சேரும் நண்பரிடம், தாம் அங்கே 'ஆல்மோஸ்ட் ஃபார் எவர்' நின்றதாகச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வது ஆங்கிலப் பேச்சில் சர்வசாதாரணம். ஏறக்குறைய நித்திய காலம் நின்றாராம். சொன்னவரும் சிரிப்பதில்லை, கேட்டவரும் திகைப்பதில்லை. ஆனால் 'ஆல்மோஸ்ட்' என்ற அந்தச் சிறு கிரியாவிசேஷணம், எல்லையற்ற காலத்தைக் குறிக்கும் சொல்லின் அருகே எவ்விதச் சங்கோசமும் இன்றிப் போய் உட்கார்ந்துகொள்வதைக் காணும்போதெல்லாம், சமயவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதித்தும் முடிவு காணாத ஒரு பிரச்னையை அம்மனிதர் ஒரே மூச்சில் தாண்டிப் போய்விட்டாரே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆங்கில அடைமொழிகள், நெடுங்காலத்தைச் சொல்லும் தொடர்களோடு சம்பந்தம் செய்துகொள்வதில் மிக்க கண்டிப்புள்ளவை. 'வெரி' என்பது 'லாங் டைம்' என்பதோடு இணங்கும். யுகயுகமாக என்ற கருத்தில் வழங்கும் 'ஏஜஸ்' என்பதோடு இணங்காது. 'ஃபார் எவர்' என்பதை அண்டவும் அண்டாது. 'அப்ஸல்யூட்லி ஏஜஸ்' என்றால் மட்டும் செவி ஒப்புக்கொள்கிறது. கூடவும் குறையவும் இடமுள்ள பண்புக்கே 'வெரி' உரியது. ஏற்கெனவே உச்சியில் ஏறி நிற்கும் சொல்லுக்கு மேலும் ஏற்றம் தர இயலாதாகையால், அது உச்சியில்தான் நிற்கிறது என்று சத்தியம் செய்து கொடுக்கும் அடைமொழியே அதற்குப் பொருந்தும். நித்தியத்துக்குத் தரதம பேதம் இல்லை என்பதை இலக்கணம் அறியாதவனும் தன் நாவினால் அறிந்தே இருக்கிறான்.

அப்படியிருக்க, 'ஏறக்குறைய' என்பது மட்டும் எவ்வாறு உள்ளே நுழைந்தது? கான்டர்பரிக்கு இரண்டு மைல் இப்பால் நிற்பவர் ஏறக்குறைய ஊர் வந்துவிட்டது எனலாம், ஏனெனில் ஊர் என்பது ஓரிடத்தில் இருக்கிறது. முடிவில்லாத காலத்துக்கோ, ஒரு நாள் நின்றவரும் ஆயிரம் வருஷம் நின்றவரும் சமதூரத்திலேயே இருக்கிறார்கள். ஒருவரும் ஓர் அங்குலமும் நெருங்கவில்லை. 'என்றென்றைக்கும், அதற்கு மேல் ஒரு நாளும்' என்று காதலர் சபதம் செய்யும் இன்னொரு வழக்கும் அம்மொழியில் உண்டு. அதைக் கேட்டு நகைப்பவர், ஜெர்மானியக் கணிதர் கான்டர் 1883-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பார்த்தால் சற்று அடங்கிப்போவார்: முடிவற்ற வரிசைக்கு முன்னே ஒன்றைச் சேர்த்தால் ஏதும் மாறுவதில்லை, பின்னே சேர்த்தால் வேறொரு புதிய எண் பிறக்கிறது. காதலர் பின்னேதான் சேர்க்கிறார்கள்.

இவையெல்லாம் சொல் விளையாட்டு என்று தள்ளிவிடலாம்தான். ஆயினும் இத்தகைய ஒரு சொல்லை முன்னிட்டே இங்கிலாந்தில் ஒரு பெரியவர் தம் உத்தியோகத்தை இழந்தார். லண்டன் கிங்ஸ் காலேஜில் வேதசாஸ்திரப் பேராசிரியராயிருந்த பிரெடரிக் டெனிஸன் மாரிஸ், 1853-இல் வெளியிட்ட தமது சமயக் கட்டுரைகளில், 'இடர்னல்' என்ற சொல் காலத்தின் நீளத்தைக் குறிப்பதன்று, கடவுளைச் சார்ந்த ஒரு நிலையைக் குறிப்பது என்று வாதித்தார். கடவுளை அறிவதே நித்திய ஜீவன் என்று யோவான் சுவிசேஷம் கூறுவதுதான் அவருக்குப் பிரமாணம். அப்படியானால் பாவிகளுக்கு விதித்த தண்டனை எவ்வளவு காலம் நீடிக்கும் என்று காலேஜின் தலைவர் ஜெல்ஃப் கேட்டார். மாரிஸ், அது ஒரு நாள் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை; அந்தக் கேள்விதான் பிழை என்றார். 'எவ்வளவு' என்று தொடங்கும் வினாவுக்கு அளவு கூறும் விடையையே எதிர்பார்த்திருந்தவர்களுக்கு இது வெறும் நழுவலாகத் தென்பட்டதில் வியப்பில்லை. நிர்வாக சபையில் அங்கத்தினராயிருந்த கிளாட்ஸ்டன், சாஸ்திர நிபுணர் சிலரிடம் இதை விசாரணைக்கு விடலாம் என்று முயன்றும் பலிக்கவில்லை. அவ்வருஷமே மாரிஸ் நீக்கப்பட்டார்.

பதினொரு வருஷத்துக்குப் பின், முடிவில் எல்லோரும் கடைத்தேறக் கூடும் என்று நம்பி எழுதிய ஹெச். பி. வில்ஸன் என்ற குருவின் வழக்கு பிரிவி கௌன்ஸில் வரை சென்று, அந்த நம்பிக்கை குற்றமாகாது என்று தீர்ப்பாயிற்று. நரகத்தையே செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்துவிட்டார் அத்தீர்ப்பை வழங்கிய லார்டு வெஸ்ட்பரி என்று ஊரெங்கும் பரிகாசம் பரவ, முடிவில்லாத தண்டனையில் தங்களுக்கு விசுவாசம் குன்றவில்லை என்று ஏறத்தாழ 11,000 குருமார்கள் கையெழுத்திட்டுப் பிரகடனம் செய்தார்கள். எதிர்த்தரப்பு வாதம் அற்பமானதன்று. மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்தில் தண்டனைக்கும் ஜீவனுக்கும் கிரேக்க மூலம் ஒரே அடைமொழியைத்தான் இட்டிருக்கிறது. ஒன்றில் அதைக் குறுக்கினால் மற்றதிலும் குறுக்க வேண்டிவரும் என்பது அகஸ்டின் காலத்திலிருந்து வரும் தர்க்கம். 1611-ஆம் வருஷத்து ஆங்கில மொழிபெயர்ப்பு தண்டனைக்கு 'எவர்லாஸ்டிங்' என்றும் ஜீவனுக்கு 'இடர்னல்' என்றும் இரண்டு சொற்களைப் பெய்து இதை மறைத்தது. 1881-இல் அதைத் திருத்தியவர்கள் இரண்டிடத்திலும் 'இடர்னல்' என்றே வைத்தார்கள். தமிழ் வேதாகமமோ இரண்டுக்கும் 'நித்திய' என்று ஒரே சொல்லை ஆண்டிருக்கிறது. கோவிலில் நாள்தோறும் தவறாமல் நடக்கும் நித்தியப்படிக்கும் முடிவற்ற மோட்சத்துக்கும் நாம் ஒரே சொல்லைக் கொண்டு காரியம் நடத்திவிடுகிறோம்; இதனால் எவருடைய உத்தியோகமும் போனதாகத் தெரியவில்லை.

மாரிஸ் சொன்னது புதிதன்று. 6-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறைப்பட்டிருந்த போயிதியஸ், தத்துவம் தந்த ஆறுதலைப் பற்றி எழுதிய நூலின் இறுதிப் பகுதியில், முடிவின்றி ஓடிக்கொண்டேயிருத்தல் வேறு, முழு வாழ்வையும் ஒருங்கே ஒரே கணத்தில் உடைத்திருத்தல் வேறு என்று பிரித்தார். உலகம் முன்னதாக இருக்கலாம், கடவுள் பின்னவர். நாளை எண்ணிக் காலம் கழிக்க வேண்டிய ஒருவருக்கு, எண்ணிக்கைக்கு அப்பாற்பட்ட ஒன்றை நினைக்கும் சக்தி எங்கிருந்து வந்ததோ! அவருடைய பிரிவினையை ஒப்புக்கொண்டால் 'ஏறக்குறைய' என்ற அடைமொழி ஓடும் காலத்துக்கு வெறும் மிகையாகவேனும் பொருந்தும், ஒருங்கே இருப்பதற்குப் பொருந்தவே பொருந்தாது. என் புத்திக்கு மாரிஸ் கட்சியே சரி என்று படுகிறது. ஆனால் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவரையும் நான் முற்றும் கைவிட மாட்டேன். காலத்தை அளப்பது மனமே, அதன் நினைவும் எதிர்பார்ப்புமே அளவுகோல் என்று அகஸ்டின் தமது வாழ்க்கை வாக்குமூலத்தின் 11-ஆம் பாகத்தில் ஆராய்ந்திருக்கிறார். எதிர்பார்ப்பு நீண்டுகொண்டே போன அரைமணி நேரம், அந்த மனிதருக்கு எந்தக் கடிகாரத்துக்கும் கட்டுப்பட்டதன்று.

இந்த இரண்டு நித்தியங்களையும் ஒரே சொல்லில் பொதிந்து வைத்திருக்கும் ஆங்கில அடைமொழி ஒன்று உண்டு, அதுதான் 'ஸ்டில்'. அசைவின்மையைக் குறித்த அப்பழஞ்சொல், அசையாதது மாறாமல் நீடிப்பதால் போலும், எப்பொழுதும், இடையறாமல் என்ற பொருளை அடைந்து, பிற்பாடு 'இன்னமும்' என்று சுருங்கிவிட்டது. 1611-ஆம் வருஷத்து மொழிபெயர்ப்பில் 46-ஆம் சங்கீதம் அதை அசைவற்றிருத்தல் என்ற பொருளில் வழங்குகிறது. 84-ஆம் சங்கீதமோ, ஆலயத்தில் வாசம் செய்கிறவர்கள் இடையறாது துதிப்பதைச் சொல்லும்போது அதே சொல்லை இடுகிறது. போயிதியஸ் பாடுபட்டுப் பிரித்த இரண்டும் அங்கே ஒரு கூரையின் கீழ் குடியிருக்கின்றன. ஆனால் அந்தப் பழைய பொருளை அறியாத இக்காலத்து ஆங்கிலச் சிறுவன் ஒருவன் அந்த 84-ஆம் சங்கீதத்தை வாசித்து, இவர்கள் இன்னமுமா துதித்துக்கொண்டிருக்கிறார்கள், எப்போதுதான் எழுந்து வீட்டுக்குப் போவார்கள் என்று கேட்டால், அவனைக் கோபித்துக்கொள்ள இயலாது.